ஆமையை ஆற்றில் விடலாமா?

மோகனூரில் காவிரிப் படித்துறையில் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், கரட்டுப் புதரில் கண்டெடுத்த ஆமையைத் துண்டில் பொதிந்து கொண்டு வருகிறார். "பாவம், தண்ணியில்லாமக் கிடந்துச்சு. ஆத்துல விட்டுரு கண்ணு, புண்ணியமாப் போகும்" என்று உங்களிடம் கொடுக்கிறார். என்ன செய்வீர்கள்?

அவசரப்படாதீர்கள்! அது நட்சத்திர ஆமையாக இருந்தால், ஆற்றில் விட்டதும் மூழ்கி இறந்துவிடும்.

ஆமை தண்ணீரில் மூழ்குமா என்று வியப்பாக இருக்கிறதல்லவா? புதரில் வாழ்வதையும், குளத்தில் வாழ்வதையும், கடலில் வாழ்வதையும் நாம் 'ஆமை' என்ற ஒரே பெயரால்தான் அழைக்கிறோம். ஆங்கிலத்தில் நில ஆமையை 'டார்ட்டாய்ஸ்' என்றும், நீரில் வாழ்வதை 'டர்ட்டில்' என்றும் பெரும்பாலும் பிரித்துக் கூறுவர். பெயர் ஒன்றாக இருந்தாலும் இவற்றின் உடலமைப்பு வேறு வேறு. அதை அறிய, முதலில் கால்களைப் பாருங்கள்.

நட்சத்திர ஆமையின் கால்கள் யானையின் கால்களைப் போலத் தூண் வடிவில் இருக்கும். விரல்களுக்கிடையே சவ்வு கிடையாது. ஓடு கனமானது, கவிழ்த்து வைத்த சட்டியைப் போல மேடாக இருக்கும். அதன் மேல் மஞ்சள் கோடுகள் நட்சத்திரக் கதிர்களாக விரிந்திருக்கும். காய்ந்த புல்லுக்கிடையே பகைவர் கண்ணுக்குத் தப்ப இக்கோடுகள் உதவுகின்றன. வறண்ட புதர்க்காடுகளில் புல், இலை, உதிர்ந்த பழம் ஆகியவற்றைத் தின்று இது வாழ்கிறது.

குளத்திலும் வாய்க்காலிலும் காணப்படும் பால் ஆமையைப் பாருங்கள். இதன் விரல்களைச் சவ்வு இணைத்திருக்கும். அதுவே நீந்துவதற்குத் துடுப்பு. ஓடு தட்டையானது, தோல் மூடி வழவழப்பாக இருக்கும். குழல் போன்ற மூக்கை மட்டும் நீருக்கு மேலே நீட்டி மூச்சு விடும். கோடையில் குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும்.

காவிரி சென்று சேரும் வங்கக் கடலில் வாழும் ஆமைக்கோ கால்கள் முழுவதுமே துடுப்புகளாக மாறிவிட்டன. தலையையும் துடுப்புகளையும் இதனால் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள முடியாது. பெண் ஆமை முட்டையிட மட்டும் இரவில் கரையேறும். சென்னைக் கடற்கரையில் 1988-ஆம் ஆண்டு முதல் மாணவர்கள் இரவில் நடந்து சென்று அம்முட்டைகளைக் காத்து வருகின்றனர்.

இம்மூன்றுக்கும் பொதுவான பண்புகளும் உண்டு. எல்லாம் ஊர்வன வகுப்பைச் சேர்ந்தவை. எல்லாம் நுரையீரலால் சுவாசிப்பவை, நிலத்தில்தான் முட்டையிடுபவை. முதுகெலும்பும் விலா எலும்புகளும் ஓட்டுடன் ஒன்றிவிட்டதால், எந்த ஆமையும் ஓட்டை விட்டு வெளியே வர முடியாது.

இப்போது ஆற்றில் விடப்பட்ட நட்சத்திர ஆமையை எண்ணிப் பாருங்கள். மீனைப் போன்ற செவுள் அதற்கு இல்லை. நீரைத் தள்ளச் சவ்வும் இல்லை. முதுகிலோ கனமான ஓடு. ஆழமான நீரில் மேலே வந்து மூச்சு விட வழியின்றி அது மூழ்குகிறது. புண்ணியம் என்று நினைத்துச் செய்தது கொலையாக முடிகிறது!

ஆகவே, கையில் ஆமை கிடைத்தால் அதை எடுத்த இடத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். எங்கே எடுத்தது என்று தெரியாவிட்டால் வனத்துறையினரிடம் ஒப்படையுங்கள். 'அழகாயிருக்கிறதே' என்று வீட்டில் வளர்க்கவும் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை செய்கிறது. வளர்ப்புக்காகக் கடத்தப்படுவதால், 2019-இல் நட்சத்திர ஆமையின் பன்னாட்டு வணிகத்துக்கும் தடை விதிக்கப்பட்டது.

அடுத்த முறை யாராவது ஆமையோடு படித்துறைக்கு வந்தால், "கொஞ்சம் பொறுங்கள் ஐயா, இதன் காலைப் பார்ப்போம்" என்று சொல்வீர்கள் அல்லவா?