கல்லிடைச் சாந்தும் லயத்துச் சுவர்களும்

தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் இரும்பின்றிக் கட்டப்பட்டதைக் கேட்டு வியவாதோர் இல்லை. முதலாம் உலகப் போரினால் உருக்கு கிடைக்காமற் போனதே காரணம் என்பது வழங்கிவரும் கதை. 1924இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதையை அங்கே இன்றும் கல்லும் செங்கல்லும் சாந்துமே தாங்குகின்றன. வளைவில் கற்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. இடையிலுள்ள சாந்து ஒட்டுப்பசையன்று. கரடான இரு முகங்களும் முழுப் பரப்பிலும் அமர்ந்து சுமையைப் பகிர உதவும் மெத்தையே அது.

பாலத்துக்குக் கிடைக்கும் கவனம் சூழவுள்ள தோட்டங்களின் கற்சுவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஊவாவின் பழைய லயங்களிற் பல, கருங்கல்லை மண்சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ வைத்துக் கட்டப்பட்டவை. கருங்கல் நீரை ஏறக்குறைய உறிஞ்சுவதேயில்லை. ஆகவே சுவருக்குள் புகுந்த மழைநீரும் தரையிலிருந்து ஏறும் ஈரமும் வெளியேறும் வழி கற்களுக்கிடையிலான சாந்துதான். சுண்ணாம்புச் சாந்து நுண்துளைகள் உடையது. உள்வாங்கிய ஈரத்தை வெயிலில் விட்டுவிடும். சுவர் சற்று அசைந்தாலும் ஈடுகொடுக்கும்.

இத்தகைய சுவரின் இடுக்குகளைச் சீமெந்தால் அடைப்பதே பெரும்பாலும் திருத்தவேலை எனப்படுகிறது. விரைவில் இறுகிவிடும், பார்வைக்கும் புதிது. ஆனால் சீமெந்துச் சாந்து சுருங்கும்போது கல்லின் ஓரத்தில் மெல்லிய வெடிப்பை விடுகிறது. அதன் வழியே மழை உள்ளே போகும். திரும்பி வர வழியில்லை. உட்புறப் பூச்சு உப்புப் பூத்து உதிர்கிறது. மண்சாந்து சுவருக்குள்ளேயே கூழாகிறது. ஈரச் சுவருக்கு லயத்தின் பழமையையே குறைகூறுகிறோம். குற்றத்தில் ஒரு பங்கு புதிய பூச்சினுடையது.

தாங்கு சுவர்களில் இத்தவறு உயிராபத்தாகும். தேயிலை மலையின் கல்லடுக்குச் சுவர்கள் சாந்தே இல்லாதவை. நீர் இடுக்குகளால் வடிந்துவிடும். அவற்றின் முகத்தைச் சீமெந்தால் மூடினால் நீர் பின்னால் தேங்கும். 3 மீற்றர் உயரத்துக்குத் தேங்கிய நீர், சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்தின் மீதும் ஏறக்குறைய 4.5 தொன் விசையுடன் அழுத்தும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையைப் புதைத்தது போன்ற மண்சரிவை எந்தச் சுவரும் தடுக்காது, அது வேறு. லயத்தின் பின்கதவுக்குச் சில அடி தூரத்தில் நிற்கும் சுவரைப் பற்றியதே இப்பேச்சு.

லயச் சுவரில் உக்கிய சாந்தை, இடுக்கின் அகலத்தைப் போல் இருமடங்கு ஆழத்துக்கு உளியால் சுரண்டி, நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த சாந்தை அழுத்தி நிரப்பி, சில நாள் ஈரச்சாக்கால் மூடிவைக்க வேண்டும். சீமெந்து தவிர்க்க முடியாத தாங்கு சுவரில் வடிகுழாய்களும் அவற்றின் பின்னால் சல்லிக்கல்லும் அவசியம். குழாய் வாயை மண்ணும் வேரும் அடைத்துவிடும். ஒக்டோபர் மழைக்கு முன்னர் கான் துப்புரவு செய்யும்போதே அவற்றையும் குத்திவிட வேண்டும்.