உட்சில்லு எழாவிடின் வண்டி திரும்பாது

கார்ட் பந்தயத்தில் பிள்ளை பின்தங்கியதும் புதிய இயந்திரத்துக்குக் கடன்பட எண்ணும் பெற்றோருக்கு நாம் கூறுவது ஒன்றே: முதலிற் பின்சில்லுகளைக் கவனியுங்கள்.

கார்ட்டின் பின்சில்லுகள் ஒரே தண்டிற் பிணைந்து, ஒரே வேகத்திற் சுழல்வன. வளைவிலோ வெளிச்சில்லு கூடிய தூரம் ஓடவேண்டும். எனவே உட்புறப் பின்சில்லு சற்றே நிலம்விட்டு எழவேண்டும்; எழாவிடின் வண்டி திரும்ப மறுக்கும், இயந்திரமும் திணறும். முன்சில்லுகளின் இடையகலத்தைக் கூட்டினால் அது மேலும் எழும். ஆசனநிலை, ரயர்க் காற்றழுத்தம் ஆகியவற்றையும் ஒருமுறைக்கு ஒன்றாகவே மாற்றி, சுற்றுநேரத்தைக் குறித்துக்கொள்க.

ஓட்டுபவர் நேர்ப்பாதையிலேயே பிறேக்கை வலுவாக அழுத்தவேண்டும். வளைவிலிருந்து வெளியேறுகையில் ஸ்ரியறிங்கை நேரத்தோடு தளர்த்தினால், எழுந்த சில்லு நிலந்தொட, இரண்டும் சேர்ந்து வண்டியை உந்தும்.

பின்னாளில் மூன்றுமுறை ஃபோர்முலா 1 உலகச் சம்பியனான அயர்ட்டன் சென்னாவுக்கும் 1979, 1980 உலகக் கார்ட் போட்டிகளில் இரண்டாமிடமே கிட்டியது. தோல்வி கண்டு கடன்படவேண்டியதில்லை.