படத்திற்கு முன் பலகை

தஞ்சாவூர் ஓவியம் என்றதும் நம் கண்முன் நிற்பது பொன்னும் கல்லும் மின்னும் கண்ணன் திருவுருவம். அதற்கு அடியில் இருக்கும் பலகையை யாரும் நினைப்பதில்லை. சென்ற கோடை விடுமுறையில், மணவாள நகரில் எங்கள் அத்தையிடம் இக்கலையைக் கற்கப் போனேன். இரண்டு வாரம் தூரிகையையே என் கையில் தரவில்லை!

முற்காலத்தில் பலா மரப் பலகையில் வரைந்தார்கள். ஆகவே 'பலகைப் படம்' என்றே இதற்குப் பெயர். இப்போது பெரும்பாலும் பிளைவுட்தான். அதன்மேல் பருத்தித் துணியை ஒட்ட வேண்டும். மரம் ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். அந்த அசைவு மேற்பூச்சைப் பிளந்துவிடாமல் இடையில் நின்று தாங்குவது துணியே.

கடையில் பசை கிடைத்தாலும், அத்தை பழைய முறைப்படி புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து, அரைத்துக் காய்ச்சினார்கள். வறுக்கும்போது எழுந்த மணத்தில் என் நாவில் நீர் ஊறியது. பூச்சி அரிக்காதிருக்க நஞ்சாகிய மயில்துத்தத்தைச் சேர்த்தவுடன் அந்த ஆசை பறந்துவிட்டது.

துணியை உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரம் வரை அழுத்தித் தடவ வேண்டும். காய்ந்தபின் விரல்முட்டியால் தட்டிக் கேட்க வேண்டும். நன்றாக ஒட்டிய இடம் 'டக்' என்கும். காற்று தங்கிய இடம் 'பொத்' என்கும்.

அடுத்து, சீமைச்சுண்ணாம்புத் தூளை மல் துணியில் சலித்து, பசையில் குழைத்து, மெல்லிய பூச்சாகப் பல முறை பூச வேண்டும். பசை குறைந்தால் விரலில் வெள்ளையாக ஒட்டும், மிகுந்தால் வெடிக்கும். 14ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர்களும் தேவமாதா படங்களுக்கு இப்படித்தான் மரப்பலகையில் துணி ஒட்டி, தோல் பசையில் குழைத்த ஜிப்சத்தைப் பூசினார்கள்.

ஒரு பூச்சு காய்ந்ததா என்று அறியக் கன்னத்தை வைத்துப் பார்க்க வேண்டும். ஈரமிருந்தால் சில்லென்றிருக்கும். கண்ணுக்கு வெளுத்துத் தெரிந்ததே போதுமென்று நான் அவசரமாக அடுத்த பூச்சைப் பூசினேன். மறுநாள் காலை சிலந்தி வலைபோல் வெடிப்புகள்! அத்தை திட்டவில்லை. கத்தியை என் கையில் கொடுத்து, "சுரண்டு" என்றார்கள். அன்று முழுவதும் எனக்குத் தும்மல்தான்.

மறுபடி பூசிக் காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்தோம். முதலில் 'கரகர' என்றது, பிறகு 'சரசர' என்றது. கடைசியில் ஓசையே அடங்கிவிட்டது. வழவழப்பான கல்லால் மெருகேற்றியதும் பலகை முட்டை ஓடுபோல ஆனது.

அத்தை கண்களை மூடிக்கொண்டு அதைத் தடவினார்கள். ஒரு மூலையில் விரல் நின்றது. "இங்கே ஒரு மணல் இருக்கிறது" என்றார்கள். எவ்வளவு உற்றுப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நானும் கண்ணை மூடித் தடவினேன். இருந்தது.