சிறுதொழிலும் செய்திக்குறிப்பும்

சிறுதொழில் முனைவோரின் முதன்மையான இடர்ப்பாடு முதலீடு என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. கடன் தர வங்கிகள் உள்ளன. வழிகாட்ட மாவட்டத் தொழில் மையங்கள் உள்ளன. ஆனால், தரமான பொருளை உற்பத்தி செய்த பின்னரும், அப்படியொன்று இருப்பதே அடுத்த ஊருக்குத் தெரியாமல் போகும் நிலையை எந்தக் கடனாலும் ஈடுகட்ட இயலாது.

பெருநிறுவனங்கள் இதனை விளம்பரத்தால் எதிர்கொள்கின்றன. அந்த வசதியில்லாத சிறுதொழில்களுக்கு எஞ்சியிருக்கும் எளிய வழி செய்திக்குறிப்பு. தொழில் குறித்த தகவலை ஒரு பக்க அளவில் எழுதி, செய்தியாக வெளியிடுமாறு ஊடகங்களுக்கு அனுப்புவதே அது. இடத்துக்குக் கட்டணம் இல்லை; வெளியாகும் என்ற உறுதியும் இல்லை. அந்த உறுதியின்மையில்தான் அதன் மதிப்பே அடங்கியிருக்கிறது.

இதனைப் பொருளியல் தெளிவாக விளக்குகிறது. பொருளின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வு நீடித்தால் தரமான பொருளே சந்தையைவிட்டு விலக நேரிடும் என்பதைப் பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டி 1970-இல் நிறுவினார் ஜார்ஜ் அகர்லாஃப். 2001-ஆம் ஆண்டுக்கான பொருளியல் நோபல் பரிசை மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அவர் பகிர்ந்துகொண்டார்.

'எங்கள் பொருளே சிறந்தது' என்று நல்ல வணிகரும் சொல்லலாம். போலி வணிகரும் சொல்லலாம். இருவருக்கும் செலவு ஒன்றே. எனவே, அச்சொல்லுக்கு மதிப்பில்லை. ஆனால், வந்து குவியும் குறிப்புகளில் பலவற்றை ஒதுக்கிவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் செய்தியாசிரியர், தன் நாளிதழின் நற்பெயரைப் பிணையாக வைக்கிறார். வாசகர் நம்புவது அந்தத் தேர்வைத்தான்.

தொடக்க காலத்திலேயே இந்த வேறுபாடு உணரப்பட்டிருந்தது. 1906 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே பாலத்திலிருந்து ரயில் கவிழ்ந்து 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது பென்சில்வேனியா ரயில் நிறுவனத்துக்காக ஐவி லீ எழுதி வழங்கிய விவரக் குறிப்பையே முதல் செய்திக்குறிப்பு எனப் பலரும் குறிப்பிடுகின்றனர். அதே ஆண்டில் பத்திரிகைகளுக்கு அவர் அனுப்பிய கொள்கை அறிக்கையில், 'இது விளம்பரப் பிரிவுக்குரியது எனக் கருதினால் பயன்படுத்த வேண்டாம்' என்ற பொருள்பட எழுதியிருந்தார்.

இன்றோ, நூற்றுக்கணக்கான இணையதளங்களில் ஒரே நாளில் வெளியிட்டுத் தருவதாகக் கூறிக் கட்டணம் கேட்கும் சேவைகள் சிறுதொழில் முனைவோரை மொய்க்கின்றன. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம், தன் முதலீட்டாளர்கள் அனைவருக்கும் ஒரே நேரத்தில் தகவல் தெரிவிக்கப் பரவலான விநியோகம் தேவை. ஒரு மாவட்டத்துக்குள் ஊறுகாய் விற்பவருக்கு அதனால் என்ன பயன்? இணையத் தேடலில் முந்தலாம் என்ற வாதமும் வலுவற்றது. அந்நோக்கத்துடன் இத்தகைய குறிப்புகளில் செருகப்படும் இணைப்புகளை விதிமீறல் என 2013-இலேயே கூகுள் வகைப்படுத்திவிட்டது.

பணம் கொடுத்துச் செய்தி போல வெளியிடச் செய்வது இதனினும் தீங்கானது. தேர்தல் காலத்தில் விலைக்கு விற்கப்படும் செய்திகள் குறித்து இந்தியப் பத்திரிகை மன்றம் 2010-இல் அறிக்கை வெளியிட்டது. வணிகத்திலும் நோய் அதுவே. மேலும், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விளம்பரம் என்பதற்குத் தரும் விளக்கத்தில் அறிவிப்பும் சுற்றறிக்கையும்கூட அடங்கும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு ரூ.10 லட்சம் வரையிலும், மீண்டும் செய்தால் ரூ.50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம்.

மரச்செக்கு எண்ணெய் உற்பத்தி செய்யும் என் முன்னாள் மாணவர் ஒருவர், தாம் எழுதிய செய்திக்குறிப்பைத் திருத்தித் தரும்படி கேட்டார். 'உலகத் தரம்', 'ஈடு இணையற்ற சுவை' என்று பக்கம் நிரம்பியிருந்தது. நிலக்கடலையை எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். சுற்றுவட்டார விவசாயிகளிடம் நேரடியாக வாங்கி, அன்றே பணம் தருவதாகச் சொன்னார். அதுதான் செய்தி என்றேன். அதனை முதல் வரியாக்கி எழுதிய குறிப்பு, நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் சில வரிகளாக வெளிவந்தது. அவரை முதலில் தொலைபேசியில் அழைத்தவர்கள் எண்ணெய் வாங்குவோர் அல்லர். தங்கள் கடலையையும் வாங்குவீர்களா எனக் கேட்ட விவசாயிகள்!

நல்ல செய்திக்குறிப்பின் இலக்கணம் எளிது. என்ன, எங்கே, எப்போது, யாருக்குப் பயன் என்பவை முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும். புகழ்மொழிகளுக்குப் பதிலாகச் சரிபார்க்கத்தக்க எண்கள் இடம்பெற வேண்டும். தெளிவான ஒரு புகைப்படமும், அழைத்தால் எடுக்கப்படும் தொலைபேசி எண்ணும் தேவை. நூறு முகவரிகளுக்கு அனுப்புவதைவிட, அப்பகுதிச் செய்திகளைக் கவனிக்கும் இரண்டு மூன்று செய்தியாளர்களுக்கு அனுப்புவதே மேல். வெளியாகாவிட்டால் அந்த முடிவை மதிக்கவும் வேண்டும்.

தொழில்முனைவோருக்குத் திட்ட அறிக்கை தயாரிக்கக் கற்றுத்தரும் அரசுப் பயிற்சிகளில், செய்திக்குறிப்பு எழுதுவதற்கும் ஒரு வகுப்பை ஒதுக்கலாம். செய்தித்தாள்களும் உள்ளூர்த் தொழில் செய்திகளுக்கு உரிய இடம் அளிக்கலாம். சொல்வதற்குச் செய்தி இருப்பவர்கள் அதனைச் செய்தியாகச் சொல்லட்டும். இல்லாதவர்கள் கட்டணம் செலுத்தி, விளம்பரம் என்ற பெயரிலேயே விளம்பரம் செய்வதுதான் நேர்மை.