உங்களுக்குத் தெரியுமா? குற்றாலக் காற்றில் ஒரு நொடி விருந்தாளி

சாரல் காலத்தில் தென்காசி வழியாக வந்து ஐந்தருவியில் தலை நனைப்பவர்கள் அறியாத ஒன்று அங்கே காற்றில் பிறந்து மறைகிறது. அதன் பெயர் ஹைட்ராக்சில். ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் மட்டுமே. ஆயுள் பொதுவாக ஒரு நொடிக்கும் குறைவு. ஓசோன், வெயில், நீராவி மூன்றும் சேர்ந்தால் அது உருவாகும். நீராவிக்குக் குற்றாலத்தில் என்ன பஞ்சம்!

அகன்ற இலைக் காடுகள் பகலில் ஐசோப்ரீன் என்ற வாயுவை வெளியிடுகின்றன. ஹைட்ராக்சில் அதைத் தாக்கித் தானும் தீர்ந்துபோக வேண்டும். ஆனால் தென் அமெரிக்க மழைக்காடுகளின் மேல் விமானத்தில் அளந்தபோது, எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே இருந்தது. எப்படி?

துப்பு கணினியிலிருந்து வந்தது. இந்தத் தாக்குதலின் இடையில் தோன்றும் நிலையற்ற மூலக்கூறுகள் தமக்குள்ளேயே ஒரு ஹைட்ரஜனை இடம் மாற்றி, ஹைட்ராக்சிலைத் திரும்பத் தரக்கூடும் என்று பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு 2009-இல் கணக்கிட்டது. பிந்தைய சோதனைகள் அதை உறுதி செய்தன; வேகம் மட்டும் கணக்கில் வந்ததைவிடக் குறைவு.

இப்படிப் பிடித்து வைத்துப் பார்க்க முடியாத மூலக்கூறுகளின் ஆற்றலைக் கணிப்பதில் வேதியியலாளர்கள் 'தங்கத் தரம்' என்று மதிக்கும் முறை 1989-இல் வெளியானது. அதை உருவாக்கிய நால்வரில் ஒருவர் சென்னை ஐஐடியில் படித்த கிருஷ்ணன் ராகவாச்சாரி. இன்னொருவர் 1998-இல் நோபல் பெற்ற ஜான் போப்பிள். துல்லியத்துக்கு விலை உண்டு: மூலக்கூறு இருமடங்கானால் கணக்கிடும் நேரம் சுமார் 128 மடங்காகும்.