கருப்பொருளும் உரிப்பொருளும்: சென்னை நாட்டிய அரங்குகளில் பொருண்மை நிகழ்ச்சிகளும் அவையோர் புரிதலும்

ஆய்வுச் சுருக்கம்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டார அரங்குகளில் ஒரு மையப் பொருண்மையைத் தழுவி அமையும் பரதநாட்டிய நிகழ்ச்சிகள் இன்று பெருவழக்காக உள்ளன. அப்பொருண்மையை அவையோர் உணர்கின்றனரா என்னும் வினாவைத் தொல்காப்பியப் பொருளிலக்கணக் கருத்துகளின் துணையுடன் இக்கட்டுரை ஆராய்கிறது. மரபுவழிக் கூத்து வடிவங்களில் விளக்கம் ஆட்டத்தின் உள்ளேயே அமைந்திருந்தது. பொருண்மை நிகழ்ச்சிகளில் அது அறிவிப்புரைக்கும் அச்சிட்ட குறிப்புக்கும் இடம்பெயர்ந்துள்ளது. கருப்பொருளை மட்டும் காட்டி உரிப்பொருளைக் காட்டாதபோதே நிகழ்ச்சி அவையோரை எட்டாமற் போகிறது என்பது இக்கட்டுரை நிறுவும் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: பரதநாட்டியம், பொருண்மை நிகழ்ச்சி, மெய்ப்பாடு, உரிப்பொருள், கூற்று, கட்டியக்காரன், அவையோர்

1. முன்னுரை

தியாகராய நகர்க் கிருஷ்ண கான சபை, மயிலாப்பூர்ப் பாரதிய வித்யா பவன், நாரத கான சபை, மியூசிக் அகாதெமி ஆகிய அரங்குகளில் மார்கழியிலும் தையிலும் நிகழும் நாட்டியங்களை இரு வகையாகப் பகுக்கலாம். அலாரிப்பு முதல் தில்லானா வரை மரபான வரிசையில் செல்லும் ‘மார்க்கம்’ ஒன்று. ஆறு, காலம், ஐம்பூதம், நெசவு, பெண்ணாற்றல் போன்ற ஏதேனும் ஒன்றைத் தலைப்பாகக் கொண்டு நிகழ்ச்சி முழுவதையும் அதனோடு பொருத்தும் முறை மற்றொன்று. அரங்க வழக்கில் ‘தீம்’ நிகழ்ச்சி எனப்படும் இப்பின்னதை இக்கட்டுரை ‘பொருண்மை நிகழ்ச்சி’ எனக் குறிக்கிறது. திரை விலகுமுன் ஒலிபெருக்கியில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், நீண்டதோர் அறிவிப்பு வருகிறது. அவ்வறிவிப்பைச் செவிமடுக்காதவர் அரங்கில் கண்டதிலிருந்து பொருண்மையை உணர்ந்திருப்பாரா என்பதே இங்கு எழும் வினா.

இவ்வினா சென்னைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பித்தளை ஊதுகருவியும் முழவுக்கருவியும் கொடியும் ஏந்திய இளைஞர் அணிகள் விளையாட்டுத் திடலில் அணிவகுத்து நிகழ்த்தும் ‘டிரம் கோர்’ போட்டிகளிலும் இதே வினா எழுகிறது. 1972ஆம் ஆண்டு முதல் தேசிய வாகைப் போட்டி நடத்திவரும் ‘டிரம் கோர் இன்டர்நேஷனல்’ அமைப்பின் மதிப்பீட்டில் 100 புள்ளிகளுள் 40 ‘ஒட்டுமொத்த விளைவு’ என்னும் கூறுக்கு ஒதுக்கப்படுகின்றன. ஒவ்வோர் அணியும் ஏறத்தாழ 12 நிமிட நிகழ்ச்சியை ஒரு பொருண்மையைச் சுற்றி அமைக்கிறது. பாடல் வரியை முதன்மையாகக் கொள்ளாத அக்கலையில் தலைப்பும் உடையும் அரங்கப் பொருளுமே பொருண்மையைச் சுமக்கின்றன. பரதநாட்டியமோ சொல்லை உடைய கலை. பாடல் வரியும் முத்திரையும் முகபாவமும் இருந்தும் பொருண்மை எட்டாமற் போவதேன் என்பது அதனினும் நுண்ணிய சிக்கலாகும்.

2. ‘புரிதல்’ என்பதன் படிநிலைகள்

நிகழ்ச்சி புரிந்ததா என்னும் வினா மூன்று வேறு வினாக்களை உள்ளடக்கியது. ஆடப்படுவது எது என அடையாளம் காணல் முதற்படி. பாடல் வரிக்கும் முத்திரைக்கும் உள்ள தொடர்பைப் பின்பற்றிச் செல்லல் இரண்டாம் படி. ஆடுவோரிடம் தோன்றிய உணர்வு காண்போரிடமும் சென்று சேர்தல் மூன்றாம் படி. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் முதல் நூற்பா ‘பண்ணை’ என்னும் ஆடுகளத்தை முன்வைத்தே தொடங்குகிறது. அவ்வியலுக்கு உரை வகுத்த இளம்பூரணர், ஆடுவோர் செய்தது காண்போரைச் சென்றடைவதே மெய்ப்பாடு என்னும் கருத்துடைய செயிற்றிய நூற்பாவைத் துணையாகக் கொள்கிறார். எனவே காண்போரை நீக்கிவிட்டு மெய்ப்பாட்டைப் பேசுதல் தமிழ் மரபுக்கு உடன்பாடன்று என்பது பெறப்படும்.

வடமொழி நாட்டிய சாத்திரம் தன் 27ஆம் இயலில் நிகழ்ச்சியின் வெற்றியைக் காண்போரின் எதிர்வினையால் அளக்கிறது. நகைப்பு, வியப்பொலி, கண்ணீர், மெய்ம்மயிர் சிலிர்த்தல் முதலியன மானிட வெற்றியின் அடையாளங்கள். ஆரவாரமின்றி நிறைந்திருக்கும் அவை தெய்வ வெற்றியின் அடையாளம். காண்போர்க்குரிய பண்புகள் யாவும் ஒருவரிடமே அமைதல் அரிது எனவும், இளையோரும் முதியோரும் அறிஞரும் தத்தம் இயல்புக்கேற்ற பகுதிகளில் மகிழ்வர் எனவும் அந்நூல் ஒப்புக்கொள்கிறது. இரு நூல்களும் ‘மையக் கருத்து யாது எனக் கூறுக’ என்று அவையோரைத் தேர்வு செய்யவில்லை என்பது இவண் நோக்கத்தக்கது. அறிவிப்புரை முதற்படிக்கு உதவும். மூன்றாம் படியை அதனால் எட்டவியலாது.

3. ஆட்டத்தின் உள்ளே அமைந்த விளக்கம்

காண்போர்க்கு விளக்கம் தேவை என்பதைத் தமிழ் மரபு என்றும் மறுத்ததில்லை. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவியின் பதினோராடலைக் காணப் புகார்க்கு வந்த விஞ்சையன் ஒவ்வோர் ஆடலையும் தன் காதலிக்குச் சுட்டிக் காட்டுகிறான். கொடுகொட்டியாயினும் பேடாயினும் அதனை முதலில் ஆடியவர் யார், எக்களத்தில், எந்நிலையில் என்பனவே அவன் கூறுவன. ஆடலின் தத்துவத்தை அவன் விரித்துரைக்கவில்லை. நிகழ்ச்சிக் குறிப்பின் தொன்மையான முன்மாதிரி என இதனைக் கொள்ளலாம்.

பிற்காலக் கூத்து வடிவங்களில் இப்பணி ஒரு பாத்திரத்திடம் ஒப்படைக்கப்பட்டது. தெருக்கூத்தில் திரைக்குப் பின்னிருந்து வரும் வேடத்தை நோக்கி ‘நீர் யார், எங்கிருந்து வருகிறீர்’ என்ற பொருளில் வினவும் கட்டியக்காரன் அவையோரின் வாயாகவே நிற்கிறான். குறவஞ்சியிலும் தலைவனின் உலாவைக் கட்டியக்காரனே முன்னறிவிக்கிறான். மெலட்டூர்ப் பாகவத மேளாவில் பாத்திரம் நுழையும்போது பாடப்படும் ‘பிரவேச தரு’ அப்பாத்திரத்தை அறிமுகம் செய்கிறது. இவை யாவும் ஆட்டத்தின் உறுப்புகள். விளக்கமே இங்கு கலையாகிறது.

தஞ்சை நால்வர் 19ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்திய மார்க்கமும் வேறொரு வகையில் அவையைப் பயிற்றுகிறது. த. பாலசரசுவதி 1975ஆம் ஆண்டு தமிழ் இசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில் மார்க்கத்தின் வரிசையைக் கோபுரம் கடந்து கருவறை நோக்கிச் செல்லும் கோயில் அமைப்போடு ஒப்பிட்டார். தாளம் மட்டும் உள்ள அலாரிப்பு, இசை சேரும் ஜதிசுவரம், சொல் சேரும் சப்தம், மூன்றும் விரிவுபெறும் வர்ணம், உணர்வு ஒடுங்கி நிற்கும் பதம் எனக் காண்போர் ஒவ்வொன்றாகக் கற்றுச் செல்கின்றனர். வர்ணத்தின் ஒரே வரி பலமுறை பாடப்பட, ஒவ்வொரு முறையும் அபிநயம் புதியதொரு பொருளை விரிக்கிறது. முதன்முறை தவறவிட்டவர்க்கு அடுத்த முறை வாய்க்கிறது. பொருண்மை நிகழ்ச்சிகளில் இவ்விரண்டும், அதாவது படிமுறை வளர்ச்சியும் வரி மீட்சியும், முதலில் கைவிடப்படுகின்றன.

4. மொழியும் முன்னறிவும்

பாடல் மொழி அறியாமையே புரியாமைக்குக் காரணம் எனக் கூறுவதுண்டு. 1943ஆம் ஆண்டு சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியதன் பின்னணியில் இக்கருத்துக்குப் பெரும்பங்குண்டு. கேட்போர் மொழியில் பாடுக என்னும் அக்கோரிக்கை நாட்டியத்துக்கும் பொருந்தும். எனினும் மொழி மட்டுமே முழுக் காரணம் ஆகாது என்பதைக் கலாசேத்திராவின் வரலாறு காட்டுகிறது.

1936ஆம் ஆண்டு அடையாற்றில் ருக்மிணி தேவி அருண்டேல் நிறுவிய அந்நிறுவனம் 1944ஆம் ஆண்டு ‘திருக்குற்றாலக் குறவஞ்சி’யைத் தன் முதல் நாட்டிய நாடகமாக அரங்கேற்றியது. திரிகூடராசப்பக் கவிராயரின் தமிழ், கட்டியக்காரனின் அறிவிப்பு, வசந்தவல்லியின் பந்தாட்டம், குறத்தியின் குறி என அனைத்தும் அவையோர்க்கு அணுக்கமானவை. ஆனால் 1955 முதல் 1970 வரை ஆறு பகுதிகளாக உருவான இராமாயண நாட்டிய நாடகத் தொடர் வான்மீகியின் வடமொழி வரிகளைக் கொண்டது. அதனையும் தமிழ் அவையோர் தொடர முடிந்தது. வில் முறிந்தது யாரால், காடு சென்றது யார் என்பன அவர்க்கு முன்பே தெரியும். மொழியின் குறையைக் கதையறிவு ஈடுசெய்தது.

இதன் மறுதலையும் உண்மையே. கதை அறியப்படாததாகவும் பொருண்மை அருவமாகவும் இருப்பின், பாடல் தமிழில் இருப்பினும் காண்போர் தடுமாறுவர். மொழி, கதையறிவு, மீட்சி ஆகிய மூன்றனுள் இரண்டேனும் அவையோர்க்குக் கைகொடுக்க வேண்டும். மூன்றும் ஒருங்கே இல்லாதபோது அறிவிப்புரை ஒன்றே எஞ்சுகிறது.

5. கருப்பொருளும் உரிப்பொருளும்

‘தீம்’ என்பதற்கு இக்காலத் தமிழில் ‘கருப்பொருள்’ எனும் சொல் வழங்குகிறது. தொல்காப்பிய வழக்கில் கருப்பொருள் என்பது நிலத்துக்குரிய மரம், விலங்கு, பறவை, தெய்வம், தொழில், பறை முதலியவற்றைக் குறிக்கும். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகிய மாந்தர் நிலைகளே உரிப்பொருள். முதல், கரு, உரி என்னும் மூன்றனுள் பின்னது முன்னதினும் சிறந்தது என்பதும், முதலும் கருவும் இன்றியும் உரிப்பொருளால் அகப்பாடல் அமையும் என்பதும் இலக்கணம். இச்சொல்லாட்சி வேறுபாடே பொருண்மை நிகழ்ச்சிகளை மதிப்பிடும் அளவுகோலாகிறது. அவற்றை மூவகைப்படுத்தலாம்.

முதலாவது கதைவழி அமைவது. மேற்சுட்டிய நாட்டிய நாடகங்கள் இதற்குச் சான்று. உரிப்பொருள் கதையிலேயே உள்ளதால் சிக்கல் குறைவு.

இரண்டாவது தொகைவழி அமைவது. ‘ஆறு’ என்னும் தலைப்பின்கீழ்க் கங்கைத் துதி, கானல்வரிக் காவிரி, யமுனையில் காளியன்மேல் ஆடிய கண்ணன் என முன்பே வழக்கிலுள்ள உருப்படிகளைக் கோப்பது இதன் இயல்பு. ஒவ்வோர் உருப்படியும் தனித்தனியே விளங்கும். ஆனால் அவற்றை இணைக்கும் ‘ஆறு’ கருப்பொருளாக மட்டுமே நிற்கிறது. அவையோர் கண்ணனைக் கண்டு மகிழ்வர், ஆற்றை மறப்பர். இதனை அவையோரின் குறை எனல் பொருந்தாது. இணைப்பு அறிவிப்புரையில் இருந்ததேயன்றி ஆட்டத்தில் இல்லை.

மூன்றாவது கருத்துவழி அமைவது. புரிதல் பற்றிய வினா மிகக் கூர்மையாக எழுவது இங்கேதான். மாளவிகா சருக்கை சாலுமரத திம்மக்காவின் வாழ்வை ஆடியமை இவ்வகையில் ஒளிமிக்க சான்று. மகப்பேறு வாய்க்காத சிற்றூர்ப் பெண்ணொருத்தி சாலையோரம் ஆலங்கன்றுகளை நட்டு, நீர் சுமந்து ஊற்றிப் பிள்ளைகளாக வளர்த்த செய்தி அது. சுற்றுச்சூழல் என்னும் அருவக் கருத்து இங்கு ஒருத்தியின் ஏக்கமாகவும் பரிவாகவும் உருப்பெறுகிறது. கன்றுக்கு நீர் ஊற்றும் கை, குழந்தையை ஏந்தும் கையாக மாறுவதை உணர முன்னறிவு வேண்டுவதில்லை. மரம் கருப்பொருள், தாய்மையின் இரங்கல் உரிப்பொருள். அவர் நெசவைப் பொருளாக்கிய ‘தறி’ போன்ற குழு ஆக்கத்தில் காண்போர் பற்றிக்கொள்ளும் கொழுகொம்பு மாந்தர் கதையன்று. பாவும் ஊடையும் குறுக்கிடுவதன் காட்சி ஒழுங்கே.

6. ஒரு மறுப்பும் விடையும்

கலைக்குப் பொருள் விளங்க வேண்டியதில்லை என்போர் சந்திரலேகாவை எடுத்துக்காட்டக் கூடும். 1985ஆம் ஆண்டின் ‘அங்கிகா’ கதையையும் பக்தியையும் ஒதுக்கி, யோகமும் களரிப்பயிற்றும் இணைந்த உடலின் ஆற்றலையே முன்னிறுத்தியது. 1989ஆம் ஆண்டின் ‘லீலாவதி’ 12ஆம் நூற்றாண்டுப் பாஸ்கரரின் கணித நூலைக் கொண்டது. வண்டும் தாமரையும் வரும் கணக்குகள் ஆடலாயின. இவை புரிந்தனவா எனின், ‘அங்கிகா’ எதனையும் குறிப்பாகச் சுட்ட முற்படவில்லை எனலே விடை. உடல் தாங்கிய இழுவிசை காண்போர் உடலிலும் உணரப்பட்டது. சுட்டவேண்டிய பொருள் இல்லாத ஆக்கத்துக்கு அறிவிப்புரையும் வேண்டுவதில்லை. இவ்விலக்கினைப் பெரியதொரு கருத்தை அறிவித்துவிட்டு அதனை ஆடாது விடும் நிகழ்ச்சிகளுக்குச் சார்பாகக் காட்டவியலாது.

7. கூற்றுக் குறிப்பு என்னும் முன்மாதிரி

சங்க அகப்பாடல்களின் அடியில் காணப்படும் கூற்றுக் குறிப்புகள் தொகுத்தோராலோ பின்னோராலோ சேர்க்கப்பட்டனவாகக் கருதப்படுகின்றன. யார், யாருக்கு, எந்நிலையில் கூறியது என்பதே அவற்றின் உள்ளடக்கம். ஓரிரு வரியில் அவை பாடலின் வாயிலைத் திறந்துவிட்டு விலகிக்கொள்கின்றன. சுவை இன்னது என முன்கூட்டி உரைப்பதில்லை. விஞ்சையனின் விளக்கமும் இத்தகையதே.

சபை அரங்குகளின் அறிவிப்புரைக்கு இதனினும் தக்க முன்மாதிரி இல்லை எனலாம். பேசுபவர், கேட்பவர், நிலை ஆகிய மூன்றையும் தமிழில் சுருங்கக் கூறுதல், பாடலின் முதன்மை வரிக்குத் தமிழ்ப் பொருள் தருதல், தத்துவ விரிவுரையைத் தவிர்த்தல் ஆகியன போதும். கூற்றுக் குறிப்பு எழுதவியலாத உருப்படியில் உரிப்பொருள் இல்லை என்பதும் உடன் வெளிப்படும். ஆக்கநிலையிலேயே நாட்டியக் கலைஞர்க்கு இது பயனுள்ள தேர்வாகும்.

8. முடிவுரை

அவையோர் பொருண்மையை உணர்கின்றனரா என்னும் வினாவுக்கு ஆம், இல்லை என்னும் ஒற்றை விடை பொருந்தாது. அவையோர் கொண்டுவரும் மொழியறிவும் கதையறிவும், ஆட்டம் தன்னுள் தரும் மீட்சியும் உரிப்பொருளும் சேர்ந்தே புரிதலைத் தீர்மானிக்கின்றன. கட்டியக்காரன் மேடையில் நின்ற காலத்தில், புரியவைக்கும் பொறுப்பு ஆடுவோரைச் சார்ந்திருந்தது. அவ்விடத்தை ஒலிபெருக்கி பெற்ற பின் அப்பொறுப்பு காண்போர்மேல் சாய்ந்துள்ளது. புரியாதவர் தம் அறியாமையை நொந்துகொண்டு எழுந்து செல்கிறார். இனிவரும் கள ஆய்வுகள் அவையோரிடம் ‘பொருண்மை யாது’ என வினவுவதை விடுத்து, ‘யாரைக் கண்டீர், அவர்க்கு நேர்ந்தது என்ன, எவ்விடத்தில் உள்ளம் அசைந்தது’ என வினவுதல் தகும். அவ்விடைகள், அறிவிப்புரையை நீக்கிய பின்னும் நிகழ்ச்சியில் எஞ்சுவது எவ்வளவு என்பதைக் காட்டும்.