சின்னக்கானலில் ஓர் ஆங்கிலப் பாடம்

சென்ற மாசித் திங்களில் நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, சின்னக்கானலில் வாழும் என் தாயாரையும் தமக்கையையும் காணச் சென்றிருந்தேன். 2010-ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பெற்ற போடி இரயில், அகலப்பாதையாகி 2023 சூன் முதல் மீண்டும் ஓடுகின்றது. ஆகவே இரயில்வே எழுத்தனாகிய நான் போடிவரை எங்கள் வண்டியிலேயே சென்று, பிறகு போடிமெட்டு வழியாகப் பேருந்தில் மலையேறினேன். இதனை எழுதாமல் விட்டால் என் அலுவலக நண்பர்கள் பொறுக்கமாட்டார்கள்!

வீட்டில் தமக்கையின் மகள் புத்தகங்களுக்கு நடுவே முகம் வாடி அமர்ந்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நெருங்கிவிட்டது. படித்த நாவல், நாடகம், அணிகள் யாவற்றையும் மீண்டும் ஒருமுறை பார்த்து வருமாறு ஆங்கில ஆசிரியை பணித்திருக்கிறார். “மாமா, சிமிலி, மெட்டஃபர் எல்லாம் பெயர் தெரிகிறது, எதற்கென்றுதான் தெரியவில்லை” என்றாள்.

தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் லயத்து வீடு என்பதை நம் அன்பர்கள் அறிவர். என் தாயார் ஓய்வு பெற்றபின் அவ்வீடு தமக்கையின் வேலையால் நிலைத்தது. மகள் தேறாவிடில், அடுத்த கூடை அவள் முதுகில்தான் ஏறும். ஆகவே, பத்தாம் வகுப்போடு நின்றவன் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் சொல்வது தகுமா என்று தயங்காமல் அருகே அமர்ந்தேன்.

ஆங்கிலத்தை விட்டுவிட்டு ஊரிலிருந்தே தொடங்கினேன். 2023 ஏப்ரல் 29-ஆம் நாள் சின்னக்கானலில் மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பெற்ற யானையை யார் மறப்பார்? வீடுகளையும் கடைகளையும் உடைத்து அரிசி தின்றதால் மலையாளத்தார் அதனை ‘அரிக்கொம்பன்’ என்றனர். கொம்புடையது கொம்பன்; உறுப்பைக்கொண்டு முழு உயிருக்கும் பெயர் அமைந்தது. ஆங்கிலேயர் இன்னும் ஒருபடி மேலே சென்று, தொழிலாளரையே ‘கைகள்’ என்பர். இதுவே நம் இலக்கணத்தில் சினையாகுபெயர். டிக்கன்ஸ் 1854-இல் வெளியிட்ட ‘ஹார்டு டைம்ஸ்’ நாவலில் ஆலைத் தொழிலாளர்க்கு இப்பெயரே வழங்குகிறது. அவர்கள் கையும் வயிறும் மட்டும் உடையவராக இருந்தால் முதலாளிகட்கு வசதியாக இருக்கும் என்று அவர் குத்திக்காட்டுகிறார். “அப்படியானால் இது அழகுக்காகச் சொன்னதில்லையே!” என்றாள் பெண். அவள் முகத்தில் சற்றே ஒளி வந்தது.

நாடகத்திற்கு வந்தோம். பம்மல் சம்பந்த முதலியார் ‘வாணீபுரத்து வணிகன்’ எனத் தமிழாக்கிய ஷேக்ஸ்பியரின் நாடகத்தில், மூவாயிரம் பொன் கடன் தவணையில் திரும்பாவிடில் கடன்பட்டவன் உடலில் ஒரு இராத்தல் தசை அறுக்கலாம் என்று பத்திரம் எழுதப்படுகிறது. “இது உருவகமா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. நாடகத்துக்குள் அது உருவகமன்று. மெய்யாகவே கத்தி தீட்டுகிறான். நாடகத்தைவிட்டு வெளியே வந்தபிறகே, இரக்கமின்றிக் கடன் பிடுங்குவோர் அனைவர்க்கும் அச்சொல் உருவகமாயிற்று.

அத்தகைய கடன் நம் மலைகளுக்குப் புதிதன்று. மூணாற்றுக்கு வடக்கே ஆனைமலைத் தோட்டங்களில் 1940-களில் மருத்துவராயிருந்த பி. எச். டேனியல், அங்கு கேட்டறிந்தவற்றை ‘ரெட் டீ’ என்னும் ஆங்கில நாவலாக 1969-இல் வெளியிட்டார். இரா. முருகவேள் அதனை ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழில் தந்தார். 2013-இல் வந்த ‘பரதேசி’ திரைப்படத்துக்கும் அதுவே மூலம். கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் முன்பணத்தை நம்பி மலையேறுகின்றனர். கணக்குப் பார்க்கும்போதெல்லாம் கடன் எஞ்சுகிறது. மலேரியாவோ ஆட்களை வாரிக்கொண்டு போகிறது. தேர்வுக்கு இந்நூல் இல்லை. இருப்பினும், ‘சிவப்புத் தேநீர்’ என்னும் தலைப்பை எடுத்துக்கொண்டு தொல்காப்பிய உவமவியலை அவளுக்கு நினைவூட்டினேன். வினை, பயன், மெய், உரு என உவமை தோன்றும் இடம் நான்கு. மெய் என்பது வடிவம், உரு என்பது நிறம். எந்த அணியைக் கண்டாலும் இந்நான்கில் எதனால் ஒத்தது என்று கேட்டுப்பார் என்றேன். “நிறத்தால் ஒத்தது. தேநீரும் இரத்தமும்” என்று உடனே விடை வந்தது. என் பள்ளி நாளில் இதனை எவரேனும் இவ்வாறு காட்டியிருந்தால், ஆங்கிலத் தாளில் நான் முப்பத்தாறோடு நின்றிருக்கமாட்டேன்.

அடுப்படியிலிருந்து இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் தாயார், “தேயிலையும் மரந்தான்டா. வளரவிட்டா வீட்டு ஒசரத்துக்குப் போகும். கை எட்டணும்னு கவாத்து வெட்டி இடுப்போட நிறுத்திடறாங்க. இவ ஆத்தாளையும் நான் அப்படித்தான் நிறுத்துனேன்” என்றார்.

நான் பேசவில்லை. தமக்கை எட்டாம் வகுப்போடு நின்றாள். இளையவனாகிய நான் தொடர்ந்து பள்ளி சென்றேன். இருவருக்கும் கட்ட வீட்டில் பணமில்லை என்று அப்பொழுது கூறினர். என்னைவிட அவளே நன்றாகப் படிப்பாள் என்பது அன்றே எனக்குத் தெரியும். இத்தனை ஆண்டுகளில் அதனை நான் எவரிடமும் கூறியதில்லை.

பெண் அம்மாச்சி சொன்னதை அப்படியே ஏட்டில் எழுதிக்கொண்டு, “மாமா, இது வினையாலா, வடிவாலா?” என்று கேட்டாள். வினையால் என்றேன், வெட்டுவதுதான் இரண்டுக்கும் பொது.

மாலையில் தமக்கை கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்தாள். ஏட்டை எடுத்து விளக்கருகே வைத்து, எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தாள். தாயாரைப் பார்த்தாள்; ஒன்றும் சொல்லவில்லை. கைகழுவி வந்து மகளருகே அமர்ந்து, “கவாத்துக்கு இங்கிலீஷில் என்னடி?” என்று கேட்டாள். ‘புரூனிங்’ என்று மகள் சொல்ல, அவ்வரியை இருவருமாக ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினர். நான் உறங்கப் போகும்போது மணி பதினொன்று. அவர்கள் அப்பொழுதும் எழுதி அடித்து, எழுதி அடித்துக்கொண்டிருந்தனர்.